ஆச்சு

ஜம்புநாதன் என்ன வேலை பார்க்கிறார் என்று அவருடைய சொந்த அக்காவுக்கே தெரியாது. மேற்கு மாம்பலத்தில் யார் கேட்டாலும் பட்டு அக்கா, “புனேல டைரக்டரா இருக்கான்” என்று சொல்லி வைத்திருந்தாள். ஜம்பு டைரக்டர் இல்லை. அவர் பார்த்துக்கொண்டது டைரக்டரி. நாலைந்து தடவை திருத்திப் பார்த்துத் தோற்றுப்போய், ஒரு எழுத்துதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த ஒரு எழுத்தில்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. விமான் நகரில் அவருடைய கம்பெனிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிற ஒவ்வொருவரும், தங்களை அறியாமலே, முதலில் ஜம்புவின் டைரக்டரியிடம்தான் போய் நிற்கிறார்கள். நான் இன்னார், இது என் பாஸ்வேர்டு, உள்ளே விடு என்று கேட்கிறார்கள். டைரக்டரி தன்னிடம் இருக்கும் பெயர்களில் தேடிப் பார்த்துவிட்டு உள்ளே விடும். அது வாயை மூடிக்கொண்டால் மெயில் கிடையாது, கதவு திறக்கிற அட்டை வேலை செய்யாது, கான்டீனில் சாப்பாடுகூடக் கிடையாது. பெரிய பெரிய மேனேஜர்களெல்லாம் நேரம் கழித்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அவ்வளவு பேருக்கும் ஒரே சர்வர் பதில் சொன்னால் திணறிவிடும்; அது படுத்தால் கம்பெனியே படுத்துவிடும். அதனால் ஒரே மாதிரி இரண்டு சர்வர்கள். புனேயின் இரண்டு நதிகளின் பெயரை ஜம்புதான் அவற்றுக்கு வைத்தார்: முளா, முட்டா. இரண்டுக்கும் முன்னால் லோடு பேலன்சர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். வருகிற கேள்விகளை இது உனக்கு, இது உனக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரு சர்வர் விழுந்துவிட்டால் மொத்தக் கேள்விகளையும் மற்றதன் பக்கம் திருப்பிவிடும். விழுந்ததே யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலுக்குப் பெருமை. அதனால் ஜம்புவையும் அந்தக் கட்டடத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது.

பேலன்சரைப் பார்த்துக்கொண்டவர் முகமது ரஃபீக், ஆம்பூர்க்காரர். அவரும் ஜம்புவும் தமிழில் பேசிக்கொள்வது அந்த மாடியில் மற்றவர்களுக்கு ஒரு வேடிக்கை. முட்டா அவ்வப்போது மக்கர் பண்ணும். “பேரு வச்சீங்களே சார், கடைசில ஒரு எழுத்தை விட்டுட்டீங்க. முட்டாள்னு முழுசா வச்சிருக்கலாம்” என்பார் ரஃபீக்.

ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பேலன்சருக்கு எப்படித் தெரியும்? சில விநாடிக்கு ஒரு தடவை போய்க் கதவைத் தட்டும். கதவு திறந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். திரையில் பச்சை விளக்கு எரியும். உள்ளே எட்டிப் பார்த்து, பெயரைத் தேடுகிறாயா, ஒழுங்காகப் பதில் சொல்கிறாயா என்றெல்லாம் கேட்காது. இப்போதைக்கு இது போதும், அப்புறம் சரியாகப் பண்ணிக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் சொன்னவர் ஜம்புதான். மற்ற வேலைகள் வந்து விழுந்ததில் அந்த அப்புறம் வரவே இல்லை.

ஜம்பு திருவானைக்காவலில் பிறந்து, திருச்சியில் பாலிடெக்னிக் படித்து, புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் கியர் செய்கிற ஒரு தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர். தொழிற்சாலையை விட்டு விமான் நகருக்கு மாறினாலும் வீடு சிஞ்ச்வட்டிலேயே நின்றுவிட்டது. மனைவி ரமா புனேயிலேயே, வானவடியில் வளர்ந்தவள். அவள் அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தார். மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமான புதிதில் ஜம்பு கறிகாய்க்காரனிடம் உடைந்த இந்தியில் பேரம் பேசி ஏமாந்து வருவதைப் பார்த்து, அந்த இலாகாவை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டாள். மற்ற இலாகாக்களும் ஒவ்வொன்றாக அவளிடம் போயின. ஃபிளாட் சொசைட்டி மீட்டிங் அவள், வீட்டு வேலைக்கு வரும் பாயி வராவிட்டால் அவள், மகள் வைஷுவின் பள்ளிக்கூடம் அவள். இதோடு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை வேறு.

“வீட்டுல பாதி அவ, பாதி நான்” என்று ஜம்பு வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

ரமா மறுத்துப் பேசமாட்டாள். “ஏன்னா, உங்க பாதி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்கோ, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரேன்” என்பாள்.

போன மழைக்காலத்தில் டெங்கு வந்து ரமா போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, படுக்கையில் சும்மாதானே இருக்கப்போகிறோம் என்று திருத்த வேண்டிய விடைத்தாள்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு வேறொரு டீச்சர் வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜம்பு அழவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு தாடை இருக்கும் பாருங்கள். தொட்டால் யாரோ தொடுவது தெரியும், அது தன் தாடைதான் என்று மட்டும் தெரியாது. மொத்த ஆளும் அப்படி ஆகிவிட்டார். காபியில் சர்க்கரை இல்லை என்பது குடித்து முடித்த பிறகும் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் ஏறினார், இறங்கினார். வந்த மெயிலுக்கெல்லாம் வந்த வேகத்தில் “டன்” என்று ஒரு வார்த்தை பதில் போட்டார். மேனேஜர் ஷிண்டே இதைக் கண்டு அசந்துபோய், ஜம்பு சாரைப் போல வேலை பாருங்கள் என்று மீட்டிங்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜம்புவும் தட்டினார்.

பட்டு அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

“சாப்டியாடா?”

“ஆச்சுக்கா.”

நம்மவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தாலும் கேட்கத் தெரிந்த கேள்வி இது ஒன்றுதான். தூக்கம் வருகிறதா, தனியாக இருக்கும்போது என்ன நினைத்துக்கொள்கிறாய், உள்ளே எப்படி இருக்கிறது என்றெல்லாம் எவரும் எவரையும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். ஆச்சு என்று பதில் வந்துவிட்டால் மனசாரப் போனை வைத்துவிடுவார்கள். மராத்திக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. எதிர் ஃபிளாட் மாமி, ஜோஷி காக்கு, லிஃப்ட் வாசலில் பார்த்தால் “ஜேவண் ஜால கா?” என்பாள். “ஜால” என்பார் ஜம்பு. அதுவும் ஆச்சுதான்.

மத்தியானம் கான்டீனில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஜம்பு வைஷுவுக்குப் போன் செய்வார். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து அவள் லீவில் வீட்டில் இருந்தாள்.

“சாப்டியா?”

“ஆச்சு பா.”

“சரி.”

அப்புறம் அந்தத் தட்டை அப்படியே கொண்டுபோய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போவார்.

வீடு என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. பால் வந்தது, பாயி வந்தாள், குப்பை போயிற்று, ஜம்புவின் சட்டைகள் இஸ்திரியாகி அலமாரியில் தொங்கின. இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ரமாவின் தலையில் இருந்ததெல்லாம் இப்போது தன் பக்கம் வந்திருக்க வேண்டுமே, வரவில்லையே, எங்கே போகிறது என்று, அந்தத் தொழிலையே செய்கிற மனிதருக்குத் தோன்றவில்லை.

பட்டு அக்காவுக்குத் தோன்றியது. “பொம்மனாட்டி இல்லாத ஆத்துல அந்தக் குழந்தை எப்படிடா தனியா இருக்கும்? இங்க அனுப்பு. ப்ளஸ் ஒன் இங்க படிக்கட்டும். ஸ்கூல்ல பேசிட்டேன். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம்” என்றாள்.

ஜம்பு அதை அப்படியே வைஷுவிடம் சொன்னார்.

“அத்தை கூப்பிடறா. சென்னைக்குப் போறியா?”

வைஷு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ என்ன சொல்றே?”

“உன் இஷ்டம்தான்.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வேறு ஏதாவது வருமா என்று பார்த்திருக்க வேண்டும். “ஓகே. போறேன்” என்றாள்.

“சரி” என்றார் ஜம்பு.

பெற்ற பெண் வீட்டை விட்டுப் போகிற விஷயம் அவ்வளவில் முடிந்துபோனது. வைஷு சமையலறைக்குப் போய்விட்டாள். போகாதே என்று ஒரு வார்த்தை ஜம்புவுக்குள் எங்கேயோ கிடந்தது. தேடி எடுக்கக் கை எழவில்லை.

திங்கட்கிழமை காலை விமான் நகரில் கம்பெனி வாசலில் ஒரே கூட்டம். அட்டையைக் காட்டினால் சிலருக்குக் கதவு திறந்தது, பலருக்குத் திறக்கவில்லை. உள்ளே போனவர்களுக்கும் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. ஷிண்டே அரக்கப்பரக்க ஓடி வந்தார். “சப் கிரீன் ஹை ஜம்பு சார், ஃபிர் பீ லாகின் நஹீ ஹோ ரஹா!” என்றார். எல்லாம் பச்சையாக இருந்தும் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. சொந்த விளக்கே தன்னை ஏமாற்றிவிட்டது போல் நின்றார்.

ரஃபீக்கின் திரையிலும் பச்சைதான். முளா பச்சை, முட்டா பச்சை. ஜம்பு நேரே முளாவிடம் தன் பெயரைக் கேட்டுப் பார்த்தார். டக்கென்று சரியான பதில் வந்தது. முட்டாவிடம் கேட்டார். அதைவிட டக்கென்று, இப்போது முடியாது என்று பதில் வந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். முட்டாவின் டிஸ்க் நிரம்பி வழிந்து, உள்ளே பெயர்கள் இருக்கிற பகுதியே நின்றுபோயிருந்தது. கதவு மட்டும் திறந்திருந்தது. தட்டினால் திறந்தது. கேட்டால் ஒன்றும் இல்லை.

“இங்க பாருங்க சார் கூத்தை” என்றார் ரஃபீக். “இவன் ஒரு வேலையும் செய்யல. முடியாதுன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகப்போவுது? அதனால எப்பவும் கை காலியா இருக்கான். பேலன்சர் என்னா பண்ணும் பாவம், இவன்தான் சும்மா இருக்கான்னு மேல மேல இவன் தலையிலயே கட்டுது. கேக்க வந்தவன்லாம் வெறுங்கையோட திரும்பிப் போறான். தட்டினா மட்டும் இருக்கேன் இருக்கேன்றான்.”

ஜம்புவுக்கு, வந்த வேகத்தில் தான் போட்ட “டன்” எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நீ என்ன சொல்றே என்று கேட்டுவிட்டு நின்ற வைஷுவும் ஞாபகத்துக்கு வந்தாள்.

முட்டாவைக் கையால் வெளியே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முளாவின் பக்கம் திருப்பினார்கள். வாசல் கூட்டம் கரைந்தது. ஷிண்டே “கமால் ஹை” என்று மெச்சி ஜம்புவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ரஃபீக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இனிமே கதவைத் தட்டினா பத்தாது சார். உள்ள போயி ஒரு பேரைக் கேக்கணும். சரியான பதில் வந்தாத்தான் பச்சை, இல்லாட்டி வெளிய தள்ளிடணும். கேக்கறதுக்கு ஒரு பேரு சொல்லுங்க. டைரக்டரியில எப்பவும் இருக்கணும், யாரும் எடுத்துடக் கூடாது.”

“ரமா” என்றார் ஜம்பு.

யோசித்துச் சொன்னதில்லை. எப்போதும் இருக்க வேண்டிய பேர் என்றதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரஃபீக்கின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன.

“வேணாம் சார்” என்றார் ரஃபீக் மெதுவாக. “அப்புறம் இது ராத்திரி பகலா ரமா இருக்காங்களான்னு கேட்டுட்டே இருக்கும். அதுங்க ரெண்டும் இருக்காங்க, இருக்காங்கன்னு சொல்லிட்டே இருக்கும்.”

பிறகு டெஸ்ட் யூசர் என்று ஒரு பெயரைப் போட்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிருந்தது. ஜம்பு கான்டீனில் தட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தார்.

“சாப்டியா?”

“ஆச்சு பா.”

சரி என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஜம்புவுக்குச் சொல்ல வரவில்லை. இதே ஆச்சுவைத்தான் அவர் தினம் சாயங்காலம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

“என்ன சாப்ட்டே?”

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

“சாதம்.”

“எதை விட்டுண்டு?”

“ஏம்பா கேக்கறே?” வைஷுவின் குரல் மாறிவிட்டது. “நீ இதெல்லாம் கேக்கவே மாட்டியே.”

ஜம்பு எழுந்து மாடிக்குப் போய், வீட்டுக்குப் போகணும் என்றார். முட்டாவை நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க என்றார் ரஃபீக், காரணம் ஒன்றும் கேட்காமல். கம்பெனி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜம்பு ஒரு ஆட்டோ ரிக்‌ஷாவைப் பிடித்தார். சிஞ்ச்வட் போய்ச் சேருவதற்குள் வழியில் இருக்கிற சிக்னலெல்லாம் அவருக்காகவே சிவப்பாக நின்றன.

வைஷு சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் இருந்தது. ஜம்புவின் நீலச் சட்டை பாதி இஸ்திரியாகி மேடை மேல் கிடந்தது. ஜம்பு ஃப்ரிஜ்ஜைத் திறந்தார். ஜோஷி காக்கு கொடுத்தனுப்பிய டப்பாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. அவல் போஹா, வரண் என்கிற பருப்போடு சாதம், அதற்குக் கீழே இன்னது என்று தெரியாமல் கெட்டுப்போன ஏதோ ஒன்று. ஒன்றிலும் ஸ்பூன் பட்ட அடையாளம் இல்லை. அவர் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தினம் பார்க்கிற பெண்தான். இது எப்போது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஏம்மா சாப்பிடலை?”

“வேலையெல்லாம் முடிச்சுடுவேன் பா. அப்புறம் பூக் ஹீ நஹீ லக்தி” என்றாள். பசிக்கவே இல்லை என்று சொல்ல அவளுக்கு இந்திதான் வந்தது.

“எங்கிட்டச் சொல்லப்படாதா?”

“நீயும்தான் சாப்பிடறதில்லை. நீ சொன்னியா?”

ஜம்பு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் சட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நான் போயிட்டா உன் ஷர்ட்டெல்லாம் யார் பண்ணுவான்னு யோசிச்சேன். அம்மா பண்றா மாதிரி காலர்லேர்ந்து ஆரம்பிக்கணும், அது பாயிக்கு வராது. நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். நீ ஒண்ணுமே சொல்லலை. அதான் போறேன்னேன்.”

“போகாதே” என்றார் ஜம்பு.

“ஹான்?”

“போகாதேம்மா. என்னால முடியலை.”

“இதைச் சொல்ல உனக்கு இவ்ளோ நாளா?” என்று கேட்டுவிட்டு வைஷு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அவள் அழுது ஜம்பு பார்ப்பது, ரமா போன பிறகு அதுதான் முதல் தடவை. அவர் அவள் தலையில் கையை வைத்தபடி இருந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பட்டு அக்கா.

“டேய் ஜம்பு, சாப்டியாடா? ஸ்கூல்ல கேட்டுண்டே இருக்கா, நான் என்ன சொல்லட்டும்?”

வைஷு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த வார்த்தை ஜம்புவின் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

“இல்லைக்கா” என்றார்.

அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் அக்காவுக்கு வந்ததே இல்லை. அடுத்தபடி என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியாது.

“இல்லைன்னா? என்னடா இல்லை?”

“சாப்பிடலைக்கா. நானும் சாப்பிடலை, இவளும் சாப்பிடலை. ரமா போனதிலேர்ந்தே சரியா சாப்பிடலை. உங்கிட்டப் பொய் சொல்லிண்டிருந்தேன். வைஷுவை அனுப்ப முடியாது. அவ இங்கதான் இருப்பா. நீ வாயேன். வந்து கொஞ்ச நாள் எங்களோட இரேன்.”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஊசி மருந்து இறங்கும்போதுதான் வலி தெரியும். ஜம்புவுக்கு இப்போது வலித்தது. நெஞ்சு, தொண்டை, தாடை என்று எல்லா இடத்திலும் வலித்தது. மழைக்காலத்தில் வந்திருக்க வேண்டிய அழுகை, போனைக் காதில் வைத்தபடி, பெண்ணுக்கு எதிரே, சமையலறைத் தரையில் வந்தது. ரமா, ரமா என்று அரற்றினார். வைஷு நகர்ந்து வந்து அவர் முதுகைக் கட்டிக்கொண்டாள்.

பட்டு அக்கா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, அவளுடைய வழக்கமான அதட்டல் குரலில், ஆனால் கொஞ்சம் நடுங்க, “நாளைக்கே கிளம்பறேன். இப்போ ரெண்டு பேரும் எழுந்துண்டு குக்கரை வைங்கோ. போனை வைக்காதே. நான் இங்கயே இருக்கேன்” என்றாள்.

ஜம்பு போனை ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல், நீலச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வைஷு அரிசியைக் களைந்தாள். எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று இருவருக்கும் சந்தேகம் வந்தது. மாம்பலத்திலிருந்து பதில் வந்தது. குக்கரை மூடி அடுப்பில் ஏற்றிவிட்டு, அப்பாவும் பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆச்சா?” என்றாள் பட்டு அக்கா.

“இன்னும் ஆகலை அத்தை” என்றாள் வைஷு.